அது விவசாயம்னு சேருமா?: சடையங்குப்பத்திலிருந்து ஒரு வாசிப்பு

முதலாமாண்டு மாணவியருக்கு மருதத் திணை நடத்திக்கொண்டிருந்தேன். அந்நில மக்கள் உழவர், உழத்தியர், கடையர், கடைசியர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி, "உங்களில் யார் வீட்டில் விவசாயம்?" என்று கேட்டேன். வடசென்னை வகுப்பறைக்குப் பொருந்தாத கேள்வி. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர் ஆகியோரின் மகள்கள் அவர்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசி வரிசையில் சடையங்குப்பத்திலிருந்து வருகிற பெண் மட்டும் பாதிக் கையைத் தூக்கினாள்.

"எங்க ஆயா நாத்து நடப் போனாங்க மிஸ். நிலம் எங்களுது இல்ல. அது விவசாயம்னு சேருமா?"

சேரும் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். உழத்தியர் என்ற சொல் கரும்பலகையில் இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் வீட்டுக்குப் போகும் பேருந்தில் யோசித்தபோது, நான் சொன்னது இலக்கணம் தந்த பதில் மட்டும்தான் என்று பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவளுடைய ஆயாவை 'விவசாயத் தொழிலாளி' என்ற பத்தியில் எழுதும். 'சாகுபடியாளர்' என்பது வேறு பத்தி. 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்குத் தருகிறது. நாற்று நட்டவளுக்கு அதில் இடமில்லை. திரைப்படத்தில் 'விவசாயி' என்றால் மீசையும் டிராக்டரும் உள்ள ஆண்.

வேளாண்மையை நவீனமாக்க வேண்டும், கிராமத்து இளைஞரை மண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்ற பேச்சு இன்று கருத்தரங்குகளிலும் நிதிநிலை அறிக்கைகளிலும் திரையிலும் ஓயாமல் கேட்கிறது. அந்தப் பேச்சை இந்த மாணவியின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரை. இளைஞர்கள் ஏன் வயலை விட்டுப் போகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், வயல் யாருடையதாக இருந்தது, அதில் யார் வேலை செய்தார்கள், யாருக்கு விவசாயி என்ற பெயர் கிடைத்தது என்று கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

மனைவியாகிய நிலம்

தமிழ் படித்த நாம் தொடங்க வேண்டிய இடம் திருக்குறளின் 104ஆம் அதிகாரம். உழவை இவ்வளவு உயர்த்திப் பேசிய பகுதி நம் மரபில் வேறில்லை. அதன் கடைசி இரண்டு குறள்களில் நிலம் பெண்ணாகிறது. உரியவன் நாள்தோறும் சென்று பார்க்காவிட்டால் அது மனைவியைப் போல ஊடும். ஒன்றுமில்லை என்று சோம்பியிருப்பவனைக் கண்டு அந்த நல்ல பெண் சிரிப்பாள். அழகான உருவகம்தான். ஆனால் நிலம் பெண்ணென்றால் உழுகிறவன் ஆணாகத்தான் இருக்க முடியும். நிலத்துக்கு உரியவனைக் குறிக்க வள்ளுவர் எடுத்த சொல் 'கிழவன்'. அகப்பாடலில் தலைவனுக்கு வழங்கும் அதே சொல். கிழமை என்றால் உரிமை. நிலத்தின் மேல் உரிமையும் பெண்ணின் மேல் உரிமையும் ஒரே சொல்லில் அமர்ந்திருக்கின்றன. இந்த உருவகத்துக்குள் நாற்று முடியை இடுப்பில் அணைத்துக்கொண்டு சேற்றில் இறங்கும் பெண்ணுக்கு நிற்க இடமில்லை. மனைவியாகிய நிலத்துக்கு அவள் யார்?

பள்ளு இலக்கியம் அவளைக் காட்டுகிறது. முக்கூடற்பள்ளில் நெல் வகைகளின் பெயர்கள், மாட்டு வகைகள், ஏர்க் கருவிகள் என்று உழவு அறிவு கொட்டிக் கிடக்கிறது. வேளாண் வரலாறு எழுதுகிறவர்கள் அதை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. அதே நூலில் உழவனின் மனைவியர் இருவரும் சக்களத்திச் சண்டையாகவே நமக்கு நினைவில் நிற்கிறார்கள். பண்ணைக்காரன் கணவனைத் தொழுவில் மாட்டும்போது மன்றாடி விடுவிப்பவள் மூத்தவள். நடவு நடுபவர்கள் பெண்கள். ஆனால் அவர்களின் உழைப்பு அழகு வருணனைக்கும் ஏச்சுக்கும் நடுவில்தான் வருகிறது. விதை நெல்லின் பெயர்கள் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பாட்டில் அந்த அறிவு ஆண் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது.

நான் இதை அறம் தவறிய நூல்களின் பட்டியலாக எழுதவில்லை. இந்த நூல்களைப் பாடமாக நடத்தித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. இன்றைய திரைப்படமும் அரசுத் திட்டமும் பேசும் 'விவசாயி' எந்த அச்சில் வார்க்கப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளவே பின்னால் போய்ப் பார்க்கிறேன்.

உரத் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊர்

அந்த மாணவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சடையங்குப்பம் போனேன். மணலித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைக் கடந்து, டேங்கர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டிய பாதை. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிப் போகும் தாழ்வான நிலம். பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரி நீரைத் திறந்தால் இங்கே வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2021 நவம்பரில் அப்படித்தான் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்தில் பரவி, வலையிலும் படகிலும் சதுப்பு மரங்களிலும் கறுப்பாய் ஒட்டிக்கொண்டதை எல்லோரும் செய்திகளில் பார்த்தோம்.

ஆயா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "இந்தக் கம்பெனிங்க வர்றதுக்கு முன்ன இந்தப் பக்கமெல்லாம் பயிருதாம்மா" என்று கையை ஒரு வட்டமாகச் சுற்றினார். நடவு, களை, அறுப்பு. கூலி நெல்லாகக் கொஞ்ச காலம், பிறகு காசாக. நிலம் யாருடையது என்று கேட்டதற்கு, "நமக்கென்னா தெரியும், கங்காணி கூப்டா போவோம்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். தமிழகத்து உழவை நவீனமாக்கிய உரத்தில் ஒரு பெரும் பங்கு இங்கிருந்துதான் போயிற்று. 1965இல் மணலியில் சுத்திகரிப்பு நிறுவனம் உருவாக்கப்பட்டது. 1966இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம். 1971இல் உர உற்பத்தி தொடங்கியது. 'விஜய்' என்ற பெயர் போட்ட மூட்டைகள் மாநிலம் முழுவதும் போயின. உயர் விளைச்சல் ரகங்கள், ரசாயன உரம், பம்புசெட் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பசுமைப் புரட்சி என்றார்கள். அந்த மூன்றில் ஒன்று உருவான இடத்தைச் சுற்றியிருந்த வயல்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்தப் புரட்சி வரலாறும் கேட்டதாகத் தெரியவில்லை.

மணலித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆரணியாறு – கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் புலங்கள் அதற்காக 1960களின் இறுதியில் உருவாயின. எடுத்த அளவுக்கு ஊறவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது. பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உப்பேறிய கிணற்றில் நெல்லுக்கு என்ன வழி? 2000ஆம் ஆண்டை ஒட்டிய வறட்சிக் காலங்களில் சென்னைக் குடிநீர் வாரியம் இப்பகுதி விவசாயிகளின் கிணறுகளிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கியது. கிணறு வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. பயிர் வைக்காத வயலில் நடவுக்கும் களைக்கும் போயிருக்க வேண்டிய பெண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறாத இழப்பு. ஏனென்றால் அவள் ஏற்கெனவே கணக்கில் விவசாயி இல்லை.

உரத்தின் கதை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு, உரத் தயாரிப்புக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். எங்கோ ஒரு வயல் பச்சையாவதற்கு இந்தக் கடற்கரை கொடுக்கும் விலை அது. வேளாண் நவீனம் பற்றிப் பேசும்போது வயலை மட்டும் பார்த்தால் போதாது.

பம்புசெட்டின் இரண்டு கதைகள்

நவீன உழவின் பொருட்களில் தமிழ்க் கற்பனையில் ஆழப் பதிந்தது பம்புசெட். திரைப்படத்தில் அது கிராமத்து மகிழ்ச்சியின் அடையாளம். நாயகன் கூட்டாளிகளோடு குளிப்பான். நாயகி நனைவாள், ஒரு பாட்டு வரும். நகரத்துக்குப் போனவன் ஊர் ஏக்கத்தைச் சொல்லும்போதும் பம்புசெட் குளியல் தவறாமல் வரும்.

இதே பம்புசெட் பாமாவின் 'சங்கதி'யில் வேறு கதை சொல்கிறது. 1994இல் வெளிவந்த அந்நூலில் மாரியம்மா என்ற இளம்பெண் விறகு பொறுக்கிவிட்டு வரும்போது தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலத்துக்காரர் அவளைக் கொட்டகைக்குள் இழுக்கப் பார்க்கிறார். தப்பி ஓடிவருகிறாள். தன் மானம் காத்துக்கொள்ள அவர் முந்திக்கொண்டு ஊரில் பழி சொல்கிறார்: மாரியம்மா தன் சாதிப் பையன் ஒருவனோடு தப்பாக நடந்துகொண்டாளாம். ஊர்க்கூட்டத்தில் அவள் பேச்சு எடுபடவில்லை. தண்டம் கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள்தான்.

மாணவியருக்கு இந்தப் பகுதியை நடத்தும்போது சாதி ஆணாதிக்கம், பாலியல் வன்முறை, ஊர்ப் பஞ்சாயத்து என்று பிரித்துச் சொல்வேன். பம்புசெட்டைப் பற்றிப் பேசியதில்லை. சடையங்குப்பம் போய் வந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. தண்ணீரைப் பொதுக் குளத்திலிருந்தும் ஏரிக் கால்வாயிலிருந்தும் எடுத்துத் தனி ஒருவரின் கொட்டகைக்குள் பூட்டிய கருவி அது. ஏரியில் தண்ணீர் குடிப்பதிலும் சாதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மின்மோட்டார் வந்தபோது தண்ணீரோடு சேர்ந்து கதவுள்ள ஓர் அறையும் வயலுக்கு நடுவில் வந்தது. அந்த அறையின் சாவி நிலமுள்ள ஆணிடம் இருந்தது. விளைச்சலைக் கூட்டிய கருவிதான் அவளுக்கு ஆபத்தான இடமாகவும் ஆனது. வேளாண் பொறியியல் நூலில் இது வராது. இலக்கியம்தான் எழுதி வைத்திருக்கிறது.

'சங்கதி' இன்னொன்றையும் சொல்கிறது. அதே வயலில் வேலை செய்யும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி. ஆண் தன் கூலியைத் தன் செலவுக்கு வைத்துக்கொள்ள, பெண்ணின் கூலியில் அடுப்பு எரிகிறது. இப்படி வளர்ந்த பெண், மகளை வயலுக்கு அனுப்ப மாட்டேன் என்றால் அது சோம்பலா? மண்ணின் மேல் பற்றில்லாமையா? பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்றே அதை வாசிக்க வேண்டும். இளைய தலைமுறைக்கு விவசாயத்தின் அருமை தெரியவில்லை என்று மேடையில் வருந்துகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் காதில் வாங்குவதில்லை.

ராஜம் கிருஷ்ணன் இதைத் தஞ்சை வயல்களில் பார்த்தார். 'சேற்றில் மனிதர்கள்' கூலி உழவர்களின் வாழ்க்கையை எழுதியது. 'பாதையில் பதிந்த அடிகள்', இளமையில் கணவனை இழந்து, பண்ணை நிலத்தை நேரில் நின்று மேற்பார்த்து, பிறகு அந்தப் பண்ணையாட்களின் பக்கமே வந்து சங்கம் கட்டிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைச் சொன்னது. சேலையை விட்டு வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார் மணியம்மை. நிலத்தின் தலைமைப் பாத்திரத்தில் ஒரு பெண் நிற்க அன்றைய உலகம் அவளிடமிருந்து உடையைக்கூட விலையாகக் கேட்டது என்று அதை வாசிக்கலாம்.

திரும்பி வரும் மகன்கள்

இப்போது திரைக்கு வருகிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விவசாயத்தைப் போற்றும் தமிழ்ப் படங்கள் நிறைய வந்துவிட்டன. இளைஞர்களை மண்ணுக்கு அழைக்கும் பேச்சுக்கு இவையே பிரச்சாரப் படங்கள் மாதிரி.

பாண்டிராஜ் இயக்கத்தில் 2018இல் வந்த 'கடைக்குட்டி சிங்க'த்தின் நாயகன் விவசாயி என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறவன். அந்தப் பெருமையில் நியாயமும் உண்டு. கோட்டு சூட்டு போட்டவனுக்கு மட்டும் மரியாதை என்ற நினைப்பை அது கேள்வி கேட்கிறது. ஆனால் படம் எதிலிருந்து தொடங்குகிறது? ஆண் வாரிசு வேண்டும் என்று தவிக்கும் தந்தையிலிருந்து. அதற்காக அவர் மனைவியின் தங்கையையும் மணக்கிறார். ஐந்து பெண்கள் பிறந்த பிறகு கடைசியாக ஒரு பையன். அந்தப் பையன்தான் விவசாயி. ஐந்து அக்காக்கள் யார்? உறவுகள். கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டவர்கள், தம்பியின் கல்யாணத்தில் கோபித்துக்கொள்கிறவர்கள். அந்த ஐவரில் ஒருத்தி இந்த நிலத்தை நான் பார்க்கிறேன் என்று சொல்லக்கூடும் என்று படத்துக்குத் தோன்றவே இல்லை. உழவனைப் போற்றும் படமும் ஆண் பிள்ளையைப் போற்றும் படமும் ஒன்றாகிவிடுகின்றன. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

2021இல் வந்த 'பூமி'யில் செவ்வாய்க் கோளுக்குப் போக வேண்டிய விஞ்ஞானி விடுமுறைக்கு ஊர் வந்து விவசாயி ஆகிறான். படித்தவன், வெளிநாடு பார்த்தவன், மண்ணைக் காப்பாற்ற வருகிறான். இந்தக் கதையில் கிராமம் காத்துக்கொண்டிருக்கும் இடம். அங்கேயே இருந்து, அதே வயலில் முதுகு வளைந்தவர்களுக்கு அறிவு இருந்ததாகப் படம் எண்ணுவதில்லை. நவீனம் எப்போதும் வெளியிலிருந்து, ஆண் வடிவில், ஆங்கிலம் பேசிக்கொண்டுதான் வருகிறது.

இவற்றிலிருந்து விலகி நிற்பது மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). முழக்கம் இல்லாத படம். இறந்த மயில்களைப் புதைத்த முதியவர் மேல் வழக்கு. அவர் சிறையில் இருக்கும்போது பயிருக்கு யார் தண்ணீர் விடுவது என்ற கவலை. கடையில் வாங்கும் தக்காளியில் விதை இல்லாததைப் பார்த்து அவர் கேட்கும் கேள்வி பெரிய ஆய்வுக் கட்டுரைகளைவிட வலுவானது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி ஒரு பெண். படித்து முன்னேறிய பெண்ணுக்கு நாற்காலி கிடைத்திருப்பதில் மகிழ்ச்சிதான். ஆயினும் தலைப்பு என்னை உறுத்துகிறது. அந்த ஊரில் விவசாயம் தெரிந்த பெண்கள் ஒருவருமே மிச்சமில்லையா? 'கடைசி' என்று எண்ணும்போது நாம் யாரை விட்டுவிட்டு எண்ணுகிறோம்? இந்தியாவில் வேலைக்குப் போகும் கிராமப்புறப் பெண்களில் நான்கில் மூன்று பேர் இன்றும் வேளாண்மையில்தான் இருக்கிறார்கள். ஆண்கள் நகரத்துக்குப் போன பிறகு வயலில் மிஞ்சியவர்கள் அவர்கள். கடைசி விவசாயியைத் தேடினால் அது ஒரு பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வானம் கிடைத்தது, நிலம்?

அரசின் சொற்களையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை முதன்முறையாக 2021 ஆகஸ்ட் 14 அன்று வைக்கப்பட்டது. வேளாண் பட்டதாரிகளைத் தொழில் முனைவோராக்குவது அதன் பின்வந்த அறிக்கைகளிலும் தொடர்ந்து வரும் பேச்சு. வேளாண் கல்லூரிகளில் இன்று பெண்கள் நிறையப் படிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் பெயரில் வயல் இருக்கும்? 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலத்தை நடத்துவோரில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான்.

2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'நமோ டிரோன் தீதி' திட்டத்தைப் பாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு டிரோன். 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீடு. டிரோன் விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியம். கிராமத்துப் பெண் கையில் ரிமோட்டைப் பிடித்து நிற்கும் படங்கள் எனக்கும் பிடித்திருக்கின்றன. இயந்திரம் ஆணுக்கு, முதுகு வளைவது பெண்ணுக்கு என்ற பழைய பிரிவினையை அவை கொஞ்சம் உடைக்கின்றன. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபோது பெண்கள் செய்த வேலையை ஆண்கள் ஓட்டும் வண்டி எடுத்துக்கொண்டது, இங்கே அப்படியில்லை. ஆனாலும் அவள் பறக்கவிடும் டிரோன் உரத்தையும் மருந்தையும் யார் வயலில் தெளிக்கிறது? வாடகை தருகிறவரின் வயலில். கூலி கொஞ்சம் கௌரவமாகியிருக்கிறது. நிலம் நகரவில்லை.

ஆயாவிடம் நடவு இயந்திரத்தைப் பற்றிக் கேட்டேன். கண்ணீர் வடிப்பார் என்று எதிர்பார்த்த என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். "வந்தா நல்லதுதாம்மா. எங்க முதுவு போனது போனதுதான். ஆனா அத ஓட்ட எங்கள யாரு கூப்ட்டா?" என்றார். நவீனமா மரபா என்று நாம் நடத்தும் பட்டிமன்றம் அவருடையது அல்ல. யார் கையில் என்பதுதான் அவர் கேள்வி. மரபு விவசாயத்தைப் போற்றும் நண்பர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ரசாயனக் களைக்கொல்லி வேண்டாம் என்பது சரி, அந்தக் களையைக் கையால் பறிக்கப் போவது யார், என்ன கூலிக்கு?

நிலத்தைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில், அதுவரை மணமாகாத மகள்களுக்கு மகனுக்கு நிகரான பங்கு தந்தது. நாடு முழுமைக்கும் 2005இல் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எனக்கு நேரடியாகத் தெரியும். என் அப்பா இறந்து ஓராண்டுக்குப் பிறகு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றேகால் ஏக்கரில் என் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தேன். யாரும் மிரட்டவில்லை. "உனக்கென்னம்மா, வாத்தியார் வேலை இருக்கு" என்றார்கள். அம்மாவும் தலையாட்டினார். உறவு முறியக் கூடாது என்று நினைத்தேன். அந்த ஆவணத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். கவிதையில் எத்தனையோ தடவை எழுதிய சொல். அங்கே அதற்கு என் உரிமையை நானே விட்டுவிடுவது என்று பொருள். பெண்ணும் நிலமும் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறவள் நான். இதைச் சொல்லாமல் மற்றவர்களின் பிரதிகளை விமர்சிப்பது நேர்மையாகாது.

வேறு வழிகள் முயலப்படாமல் இல்லை. நவீன விவசாயத்துக்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு விளைச்சல் பெருகிய அதே தஞ்சையில்தான், கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட கூலி உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த மண்ணில் வேலை செய்ய வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடமிருந்து நிலத்தை வாங்கி நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் பதிவு செய்யவைத்தார். நவீனமாக்கம் என்ற சொல்லை நான் பயன்படுத்த வேண்டுமென்றால், பட்டாவில் அந்தப் பெண்களின் பெயர் ஏறிய நாளுக்குப் பயன்படுத்துவேன்.

2012இல் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் பெண் விவசாயிகள் உரிமைக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பசுமைப் புரட்சியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவரே அதைக் கொண்டுவந்தது கவனிக்கத்தக்கது. திருமணம் ஆனவளா, நிலம் உள்ளவளா என்று பாராமல் வேளாண் வேலை செய்யும் பெண்ணை விவசாயி என்று வரையறுத்தது அது. கிராம சபை ஒப்புதலோடு சான்றிதழ் தரலாம் என்றது. அவை அதை விவாதித்து நிறைவேற்றவில்லை, 2013இல் காலாவதியானது. மாணவியின் கேள்விக்கு 'சேரும்' என்று சட்ட மொழியில் சொல்ல முயன்ற ஒரு பிரதி அப்படி முடிந்தது.

கிராமம் இல்லாத கிராமத்துப் பெண்

அந்த மசோதா சட்டமாகியிருந்தாலும் சடையங்குப்பத்துக்கு வந்திருக்குமா? 2011இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த ஊராட்சிகளில் சடையங்குப்பமும் ஒன்று. ஊராட்சி போயிற்று. கிராம சபை போயிற்று. ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரிய நூறு நாள் வேலையும் அதோடு போயிற்று. வெள்ளம் வந்தால் மாடியில் ஏறி நிற்கிற, பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்கிற ஊர், காகிதத்தில் மாநகரம். 'கிராமப்புற இளைஞர்' என்று திட்டம் பேசும்போது இந்த மாணவி அதில் இல்லை. 'நகரத்து இளைஞர்' என்றால் அதிலும் அவள் முழுதாக இல்லை. ஆயாவின் வயல் போயிற்று. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை வரவில்லை, ஒப்பந்தக் கூலிதான் வந்தது. நிலத்தைத் தந்த ஊருக்குத் தொழில் வரும் என்று சொல்லப்பட்ட கதையின் மறுபக்கம் அந்த வீடு.

இப்போது அவள் மூன்றாமாண்டு. சென்ற மாதம் நூலகத்தில் பார்த்தபோது, முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னாள். பேச்சுவாக்கில், யாராவது உன்னை விவசாயம் செய்யச் சொன்னால் செய்வாயா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நெலம் எம்பேர்ல இருந்தா செய்வேன் மிஸ். ஆயாகிட்ட கேட்டுக் கத்துக்குவேன். கூலிக்குன்னா மாட்டேன்."

இளைஞர்களை வேளாண்மைக்கு ஈர்ப்பது எப்படி என்று தேடுகிறவர்களுக்கு இது ஒரு பதில். ஆயாவுக்கு நாற்றங்கால் எப்போது விட வேண்டும், எத்தனை நாளில் பறிக்க வேண்டும் என்பதெல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டார். அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய், அவர் சொல்வதை எழுதிக்கொள்ளலாம் என்று நானும் அந்த மாணவியும் பேசிவைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் ஆயாவின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் விவசாயி என்று போட வேண்டும்.